வெல்டிங் கண்ணாடி வழியாக ஓர் எருக்கஞ்செடி

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன் எருக்கஞ்செடிக்குத் தலைப்பு வைத்தால், பாவம், பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடலாம். நான் தலைப்பு வைத்ததோடு நிற்கவில்லை. அந்தச் செடியின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, நாலு பேர் பார்க்கிற இடத்தில் மாட்டி, பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதன் பலனாக எங்கள் தெருக்கோடியில் ஒரு குடும்பம், பல வருடமாகக் காத்திருந்து ஆரம்பிக்கவிருந்த சொந்த வீட்டை வேண்டாம் என்று நிறுத்தியது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். எழுதுகிறவன் என்பதை இப்போதெல்லாம் சற்றுத் தயங்கித்தான் சொல்கிறேன். வாசகர்கள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்ட ஒரு காலகட்டத்தில், சரி, கொஞ்ச நாள் சோகமாக இருந்து பார்க்கலாம் என்று கேமரா வாங்கினேன். வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தவர் தாடி வைத்திருந்தார். “செடியைப் படம் எடுக்காதீர்கள். செடியைப் பார்க்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறதோ அதைப் படம் எடுங்கள்” என்றார். எனக்குள் நடந்தது பெரும்பாலும் பசி. இருந்தாலும் தலையாட்டினேன்.

மற்றவர்கள் காட்டுச்செடி எடுக்க மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனார்கள். என் முழங்காலும் என் மனைவியும் அனுமதித்த எல்லை, பொழிச்சலூரில் தொடங்கி திருநீர்மலை ஏரிக்கரையில் முடிந்தது. அதற்குள் காடு ஏது என்று கேட்கலாம். இருக்கிறது. வாட்ச்மேன் போடாத காலி மனை எல்லாம் காடுதான். ஒரு மழை போதும். நாயுருவி, ஊமத்தை, ஆமணக்கு, மஞ்சள் பூவும் முள்ளுமாகப் பிரம்மதண்டு, எல்லாவற்றுக்கும் அண்ணனாக எருக்கு. யாரும் நடுவதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆடுகூட எருக்கைத் தொடுவதில்லை. எனக்கு அதன் மேல் ஒரு சகோதரப் பாசம் வந்தது.

வகுப்பில் கற்றுக்கொண்டவற்றில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வித்தை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, லென்ஸுக்கு முன்னால் இருட்டான கண்ணாடி ஒன்றை வைத்து, ஒரு படத்துக்கு நாலைந்து நிமிடம் திறந்தே வைப்பது. காற்றில் ஆடும் இலைகள் புகையாகிவிடும். ஏரித் தண்ணீர் பாலாகிவிடும். பம்மல் பக்கத்துக் காலி மனை, யாரோ கண்ட கனவு மாதிரி ஆகிவிடும். அந்தக் கண்ணாடியின் விலையைக் கேட்டபோது எனக்கே ஒரு நிமிடம் புகையாகிவிடலாம் போல் இருந்தது. வெல்டிங் வேலைக்காரர்கள் முகமூடியில் வைக்கும் கண்ணாடியே போதும் என்று இணையத்தில் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். அப்படித்தான் பாயிடம் போனேன்.

பாய்க்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. கேட்டு, கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிறார். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் மாடி போர்ஷனில் மனைவியோடு வாடகைக்கு இருந்தார். தெருக்கோடிக் காலி மனை அவருடையதுதான். வாங்கிப் போட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் வீட்டுக்கு கேட் செய்துகொடுத்துவிட்டுத் தனக்கு ஒரு கேட் இல்லாமல் இருந்த மனிதர். தை பிறந்ததும் வீடு கட்டக் கடைக்கால் தோண்டுவதாக இருந்தார்.

“இன்னா சார், சூரியன பாக்கப் போறீங்களா?” என்றார் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே.

“செடியைப் பார்க்கப் போறேன் பாய்.”

“செடிய பாக்க இது எதுக்கு சார்? அது இன்னா நெருப்பு கக்கிகினு கீதா?”

கலை என்றேன். அவர் மரியாதையாக அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டு லென்ஸில் கட்டினேன். படமெல்லாம் குளத்துப்பாசி நிறத்தில் வந்தது. எந்த வித்தையாலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. ஆகவே கறுப்பு வெள்ளைக்கு மாறினேன். ‘வண்ணம் என்பது உலகத்தின் சத்தம், அதைத் துறந்தேன்’ என்று பிற்பாடு ஒரு குறிப்பும் எழுதினேன். உண்மை, பாசி.

அந்தக் கண்ணாடி இன்னொன்றும் செய்தது. நடக்கிற மனிதர்களைத் துடைத்துவிட்டது. நாலைந்து நிமிடம் திறந்திருக்கும் கேமராவின் முன்னால் கடந்து போகிறவர்கள் படத்தில் பதிவதே இல்லை. பால்காரர், வாக்கிங் போகும் ரிட்டையர்டு கோஷ்டி, சைக்கிள், நாய், எல்லோரும் காணாமல் போய்விடுவார்கள். செடி மட்டும் நிற்கும். இணையத்தில் போட்டால், “எந்த மலை சார் இது?” என்று கேட்டார்கள். எனக்கு அதில் ஒரு போதை ஏறியது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஆளே இல்லாத நிலம் என்று ஒரு சதுர அடி கிடையாது. என்னிடம் மட்டும் ஏக்கர் கணக்கில் இருந்தது.

இதில் ஒரு சங்கடம். காலி மனையில் ஸ்டாண்டு போட்டு ஒருவன் நின்றால் எங்கள் பக்கத்தில் அவன் சர்வேயர். “இன்னா சார், ரோடு வருதா? எங்க வூடு போய்டுமா?” என்று ஒருவர் கேட்டால் பின்னாலேயே நாலு பேர் வந்துவிடுவார்கள். அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். விடிகிற நேரத்தில் இடிந்த காம்பவுண்டுச் சுவரின் சந்தில் கேமராவைச் செருகி, பட்டனை அழுத்திவிட்டு, எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய், எனக்கும் அந்தக் கேமராவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதது போல் அதற்கு முதுகைக் காட்டி நின்று டீ குடிப்பேன். டீ முடியும்போது படமும் முடிந்திருக்கும். என் கலைவாழ்வின் முக்கியமான படைப்புகள் எல்லாம் நான் பார்க்காதபோது நடந்தவை.

மார்கழியில் பாயின் மனையை எடுக்க ஆரம்பித்தேன். கடைக்கால் தோண்டினால் எருக்கெல்லாம் போய்விடுமே என்ற அவசரம். பாய் அதற்குள் சுண்ணாம்புப் பொடியால் தரையில் அறைகளுக்குக் கோடு போட்டிருந்தார். அதைத் தாண்டித் தாண்டிச் செடிகள் வளர்ந்துகொண்டிருந்தன. ஒரு நாள் பனி நன்றாக இறங்கியிருந்தது. அன்று வந்த படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தபோது என் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. எருக்கம் புதருக்கு நடுவே வெள்ளையாக, கொஞ்சம் குனிந்தாற்போல், ஒரு பெண்ணின் உருவம். பனியும் செடியும் சேர்ந்து அப்படி அமைந்திருந்தது. தாடிக்காரர் சொன்னது இதைத்தான் என்று புல்லரித்தது. ‘இன்னும் போகாதவள்’ என்று தலைப்பு வைத்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“யாரு போகல?” என்றாள்.

“அது ஒரு உணர்வு.”

“காஸ் புக் பண்ணச் சொன்னேனே, அது போச்சா?”

பொங்கலுக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில் விழா. கோலப்போட்டிக்கும் சுண்டல் மேசைக்கும் இடையில் எனக்கு ஒரு கொடிக்கயிறு கொடுத்தார்கள். படங்களைத் துணி கிளிப் போட்டு மாட்டினேன். ‘இன்னும் போகாதவள்’ நடுவில். சாயந்திரத்துக்குள் யாரோ அதைக் கைபேசியில் படம் பிடித்து, தலைப்பைச் சரியாக உள்வாங்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். ‘நம்ம ஏரியா காலி மனையில் கேமராவில் சிக்கிய உருவம். இன்னும் போகவில்லையாம். குழந்தைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம்.’ எனக்கே மூன்று வேறு குழுக்களிலிருந்து வந்தது. ஒன்றில் என் மைத்துனன் கைகூப்பியிருந்தான்.

முதலில் பெருமையாகக்கூட இருந்தது, சொல்வதற்கென்ன. இத்தனை பேர் என் படத்தைப் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் பாய் வந்தார். எப்போதும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவர், அன்று உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“சார், அந்த போட்டோ நீங்க எடுத்ததுங்களா?”

“ஆமா பாய்.”

“வூட்ல ஒரே பேஜார் சார். அந்த இடமே வேணாங்குது. கொத்தனாருக்குச் சொல்லி, ஜேசிபிக்குச் சொல்லி, எல்லாம் ரெடி. இப்ப வேணாம்னா இன்னா அர்த்தம்? இத்தினி வருசமா வூடு எப்போ வூடு எப்போன்னு கேட்டுகினு இருந்ததே அதான் சார். இப்ப வாயவே தொறக்க மாட்டேங்குது. வித்துடுங்கன்னு ஒரே வார்த்தை.”

“அது வெறும் எருக்கஞ்செடி பாய்.”

“அதத்தான் நானும் சொல்றேன். நீங்க படிச்சவரு, வந்து சொன்னா கேக்கும். இன்னா செடி, எங்க கீது, கூட்டினு போய்க் காட்டிடுங்க சார்.”

காட்டிவிடலாம் என்றேன். அன்று மத்தியானமே, அவர் மனைவியை அழைப்பதற்கு முன்னால் ஒரு முறை பார்த்துக்கொள்வோம் என்று, படத்தையும் எடுத்துக்கொண்டு மனைக்குப் போனேன். சுவர்ச் சந்தில் தலையை வைத்து, படத்தோடு ஒப்பிட்டேன். மூலையில் பாதி உடைந்த சிமெண்ட் குழாய், சரி. ஆமணக்கு, சரி. அந்த உருவம் இருந்த இடத்தில் எருக்கு இருந்தது. ஆனால் அது இடுப்பு உயரம்கூட இல்லை. உருவம் ஆமணக்கின் உயரத்துக்கு நின்றது. அந்த இடத்தில், அந்த உயரத்துக்கு, ஒன்றுமே இல்லை.

பட்டப்பகல். தலைக்கு மேல் விமானம் தாழ்ந்து இறங்குகிறது. டீக்கடையில் யாரோ சிரிக்கிறார்கள். வெட்டியிருப்பார்களோ என்று குனிந்து பார்த்தேன். வெட்டிய தண்டு எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு (ஏன் என்று தெரியவில்லை), படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். இதுவரை நான் அதைத் தள்ளி நின்றே ரசித்திருக்கிறேன். கிட்டே போய்ப் பார்த்ததில்லை. உருவத்தின் உடம்புக்குள்ளே எருக்கின் இலைகள் தெரிந்தன. தோள் இருந்தது. தலையைச் சுற்றித் துணி இருந்தது. பனிக்கு மடிப்பு விழாது.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. நடக்கிறவர்கள்தான் படத்தில் காணாமல் போவார்கள். யாராவது வந்து, அசையாமல், இரண்டு மூன்று நிமிடம் நின்றால் பாதியாக விழுவார்கள். பின்னால் இருப்பது அவர்கள் வழியாகத் தெரியும். ஆக, நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ வந்து நின்றிருக்கிறார்கள். விளக்கம் கிடைத்துவிட்டது. பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. வேறு மாதிரி ஆனது. அந்த விடியலில், ஆள் நடமாட்டம் இல்லாத அந்த முள்ளுக்காட்டில், ஒரு பெண் இத்தனை நேரம் அசையாமல் நின்று எதைப் பார்த்தாள்?

மறுநாள் பாயின் மாடி போர்ஷனுக்குப் போனேன். அவர் மனைவி டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றார். சமையலறை என்றால், ஒருவர் திரும்பினால் மற்றவர் வெளியே வர வேண்டிய அளவு. நான் வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். ஒளி, நேரம், திறப்பு. யாரோ வழிப்போக்கர், பூப்பறிக்க வந்தவராக இருக்கலாம், கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார், அவ்வளவுதான் அம்மா, பேயெல்லாம் இல்லை என்று முடித்தேன்.

“பேய்னு நான் சொல்லலியே அண்ணா,” என்றார் அவர். “அது நான்தான்.”

பாய் பிஸ்கட்டை டீயில் நனைத்த கையோடு அப்படியே இருந்தார். பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது.

“நீ எப்ப அங்க போன?”

“டெய்லிதான் போறேன். விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு, நீங்க திரும்பப் படுத்ததும். கோடு போட்ட நாள்லேர்ந்து. தொழுகைக்குப் போத்துற வெள்ளைத் துப்பட்டியோடவே போயிட்டு வந்துடுவேன்.” பிறகு என்னைப் பார்த்து, “கிச்சன் வர்ற இடத்துல நின்னு பாப்பேன் அண்ணா. அடுப்பு இங்க, சிங்க் இங்க, ஜன்னல் இங்கன்னு. ஒரு அஞ்சு நிமிசம். வேற ஒண்ணுமில்ல.”

“என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?” என்றார் பாய்.

“சொன்னா நீங்க அளக்கற டேப் எடுத்துகினு கூடவே வருவீங்க.”

நான் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

“குரூப்புல அந்தப் படம் வந்துச்சு. பாத்ததும் எங்கம்மான்னு நெனச்சேன். எங்கம்மா அப்படித்தான் குனிஞ்சு நிப்பாங்க. அனகாபுத்தூர்ல வூடு கட்டி, குடி போய், ஒரு நோன்புகூட அங்க வெக்கல, போயிட்டாங்க. அப்புறம் துப்பட்டி கரையைப் பாத்தேன். என்னுது. என் வழியா செடி தெரியுது அண்ணா. என் கிச்சன்ல நான் நிக்கிறேன், எனக்குள்ள பூந்து செடி மொளச்சிருக்கு. கீழ நீங்க வேற எழுதியிருக்கீங்க, இன்னும் போகாதவள்னு.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “எங்கம்மா மாதிரி நானும் போயிடுவேனோன்னு பயந்துகினு இருந்தேன். யாரு அண்ணா உங்களுக்குச் சொன்னது?”

இவ்வளவு காலம் எழுதிப் பிழைத்தவன். யாரும் சொல்லவில்லை அம்மா, சும்மா, நன்றாக இருக்கும் என்று வைத்தேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது.

“அழிச்சிடுங்க சார் அத்த,” என்றார் பாய், என்னைப் பார்க்காமல்.

“வேணாம்,” என்றார் அவர் மனைவி உடனே. “அழிக்க வேணாம். அழிச்சா அதுவும் ஒரு மாதிரி.” முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தார். “அதே இடத்துல இன்னொண்ணு எடுங்க. நான் முழுசா தெரியற மாதிரி. அப்ப பாக்கலாம், வூடு வேணுமா வேணாமான்னு.”

மறுநாள் காலை பத்து மணிக்கு, தாடிக்காரர் பார்த்தால் என்னை வகுப்பை விட்டே தள்ளிவைத்திருப்பார், அப்படியொரு வெயிலில், வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கேமராவோடு நின்றேன். பாயின் மனைவி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போய், அதே இடத்தில், அதே வெள்ளைத் துப்பட்டியில் நின்றார். பாய் ஒரு ஓரத்தில் டேப்போடு. எடுத்துக் காட்டினேன். கேமராவின் சின்னத் திரையை வெயிலுக்கு மறைத்துக்கொண்டு கூர்ந்து பார்த்தார்.

“கால் தெரியல.”

“செடி மறைக்குதும்மா.”

“கால் தெரியணும் அண்ணா.”

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பேய்க்குக் கால் கிடையாது என்பதை மூன்று பேரும் வெவ்வேறு வீடுகளில் சின்ன வயதிலேயே கேட்டிருந்தோம். நான் உள்ளே இறங்கினேன். மார்கழி முழுக்க ஒரு கிளை நகராமல் பாதுகாத்து, உள்ளே வந்த ஆடுகளைக் கல்லெடுத்து விரட்டிய நான், அவர் பாதத்துக்கு முன்னால் இருந்த எருக்கை மிதித்துச் சாய்த்தேன். நாயுருவி கால்சட்டை முழுக்க ஒட்டியது. எருக்கம்பால் சட்டையில் தெறித்தது. திரும்ப வந்து எடுத்தேன். முகம், கை, ரப்பர் செருப்பு, செருப்புக்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல். படத்தில் கலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி இருந்தது.

அவர் அதைப் பெரிதாக்கச் சொல்லி, தோள், கை, வயிறு என்று ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தார். இலை எதுவும் உள்ளே தெரிகிறதா என்று தேடினார். கடைசியில் கேமராவைத் திருப்பிக் கொடுத்து, தன் கணவரிடம், “சிங்க் அந்தப் பக்கம் வேணாம், இந்தப் பக்கம் வைங்க. வெளிச்சம் இங்கதான் வருது,” என்றார். பாய் டேப்பை இழுத்தார்.

மாசியில் ஜேசிபி வந்தது. என் காடு ஒரு காலைப்பொழுதில் லாரியில் ஏறிப் போய்விட்டது. அதைப் படம் எடுக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் உட்கார்ந்து, பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். ஆரம்பித்திருக்கக் கூடாது. நான் பனி என்று பெயர் வைத்ததெல்லாம் பனி இல்லை. திருநீர்மலை ஏரிக்கரையில் எடுத்த ‘மௌனம்’ என்ற படத்தில், கோரைக்கு அப்பால், கரையில் யாரோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆணா பெண்ணா தெரியவில்லை. பம்மல் பக்கத்து ஊமத்தையில், இலைகளுக்கு நடுவே இரண்டு சாம்பல் தீற்றல், ஒன்று உயரம், ஒன்று குட்டை. கைகோத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. இன்னொன்றில் ஒரு கை மட்டும், எதையோ எட்டிப் பறிக்கிற கை. பாக்கி உடம்பு அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆளே இல்லாத நிலம் என்று நான் பீற்றிக்கொண்ட படங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். அத்தனை பேரும் எனக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இவர்களில் யாரும் என்னிடம் வந்து, அது நான்தான் அண்ணா என்று சொல்லப்போவதில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவர் அன்று எழுந்து எந்தப் பக்கம் போனார் என்ற கேள்வி, பல் தேய்க்கும்போதும் சாம்பாரில் முருங்கைக்காயைத் தேடும்போதும் வந்து நிற்கிறது. இரண்டு மூன்று முறை அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கோரை இருந்தது.

“உக்காந்து உக்காந்து அதையே பாக்கறீங்க,” என்றாள் மனைவி. “தெரிஞ்சவங்களா?”

“தெரியல.”

அவளும் சற்று நேரம் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு அறையின் விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

பாயின் வீடு ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்தது. வாசலில் அவர் பட்டறையிலேயே அடித்த கேட், அவர் இதுவரை செய்ததிலேயே பெரியதாக இருக்க வேண்டும். திறக்க இரண்டு கை வேண்டும். குடிபுகுந்த அன்று பிரியாணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வெறுங்கையோடு போகவில்லை. கால் தெரியும் அந்தப் படத்தைக் கலரிலேயே பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தேக்கு ஃபிரேம் செய்து, பேப்பர் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். தலைப்பு வைக்கவில்லை. அதற்காகவே என்னை யாராவது பாராட்டுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

சமையலறைக்குள் ஐந்தாறு பெண்கள் தாராளமாக நின்றுகொண்டிருந்தார்கள். பாயின் மனைவி வெளியே வந்து, பேப்பரைப் பிரித்து, படத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பாயும் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ரொம்ப சந்தோசம் அண்ணா. பீரோவுல பத்திரமா வெக்கிறேன். ஹால்ல ஆள் படம் மாட்டறதில்ல, தொழுகுற இடம்,” என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், தணிந்த குரலில் சேர்த்துக்கொண்டார்: “செடி மட்டும் இருக்கற மாதிரி உங்ககிட்ட எதாவது இருந்தா குடுங்களேன். கலர்ல. ரோஜா மாதிரி.”